கடைத்தெருச் சுவரில் ஊர்க்கதை: அல்சூரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் சுவர் ஓவியத்துக்குப் பஞ்சமில்லை. 2009 வாக்கில் மாநகராட்சியே சினிமா பேனர் ஓவியர்களை அழைத்து நகரத்து மதில்களில் வரைய வைத்தது. பீன்யா மெட்ரோ நிலையத்தில் சிருஷ்டி கலைக் கல்லூரி மாணவர்களின் கைவேலை இருக்கிறது. திருநங்கையரும் பெண்களும் சேர்ந்து வரையும் அரவாணி ஆர்ட் புராஜெக்ட் இந்த ஊரில் பிறந்ததுதான். ஆனால் ஒரு கடைத்தெரு தன் கதையைத் தானே தேடி எடுத்துத் தன் சுவரில் தீட்டிக்கொள்வது வேறு வேலை. அதில் தூரிகை வருவது கடைசிக் கட்டத்தில்தான். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் குறைந்தது மூன்று மாதமாவது பேச்சிலும் காகிதத்திலும் சுவர் சுரண்டுவதிலும் போகும். அந்த மூன்று மாதத்தைச் சுருக்கியவர்களின் சுவர்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க நகரத்தில் எந்த மேம்பாலத்தடிக்கும் போகலாம்.

எடுத்துக்காட்டுக்கு அல்சூர் கடைவீதியை எடுத்துக்கொள்கிறேன். சோமேசுவரர் கோயிலை ஒட்டிப் பூக்கடை, பாத்திரக்கடை, மளிகை, தையற்கடை என்று நெருக்கியடித்து நிற்கும் தெரு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே வியாபாரத்துக்குள் வந்துபோகும் இடம். சிவாஜிநகரோ ஸ்ரீராம்புரமோ உங்கள் தெருவாக இருந்தால் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு சிறு குழு போதும். பெரிய கமிட்டி போட்டால் பொன்னாடைச் செலவுதான் மிஞ்சும். ஆனால் அந்த ஏழெட்டுப் பேர் யார் என்பதில் கவனம் வேண்டும். கட்டட உரிமையாளர் ஒருவர், வாடகைக்குக் கடை நடத்துபவர் ஒருவர். இந்த இருவரின் அக்கறையும் ஒன்றல்ல. நடைபாதையில் கூடை வைத்து விற்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். நீங்கள் வரையப்போகும் சுவரடியில் தினமும் பன்னிரண்டு மணிநேரம் உட்காரப்போவது அவர்தான். ஆட்டோ நிறுத்தத்திலிருந்து ஒருவர், கோயில், தேவாலயம், தர்கா பக்கத்தில் பழக்கமுள்ளவர்கள், பள்ளி ஆசிரியை ஒருவர். எல்லாவற்றுக்கும் மேல், கன்னடம் வீட்டுமொழியாக உள்ள இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையை ஒப்புக்குச் சொல்லவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலை 1991-இல் வைக்கப்பட்டு, திறக்கப்படாமலே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அது திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு மாநில அரசுகள் உட்கார்ந்து பேசித்தான் ஒரு சிலையின் துணி விலகியது. உங்கள் தெருவில் தமிழர்கள் மட்டும் கூடித் 'தமிழர் பாரம்பரியச் சுவர்' என்று ஒன்றைத் திட்டமிட்டால், வரைந்து முடித்த வாரமே யாரோ ஒருவர் தார் டப்பாவோடு வருவதற்கு வழி செய்து கொடுக்கிறீர்கள். அதைவிட முக்கியம், அப்படித் திட்டமிட்டால் வரலாறே பிழையாகப் போய்விடும். இந்தத் தெருவை யாரும் தனியாகக் கட்டவில்லை.

இரண்டாம் படி: கதைகளைச் சேகரியுங்கள்

வழிகாட்டியின் நடு இதுதான். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

பெரியவர்களிடம் போய் "இந்தத் தெருவின் வரலாற்றைச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டால், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நகரத்தை நிறுவிய கெம்பே கவுடாவில் ஆரம்பித்துத் தினத்தாளில் படித்ததைச் சொல்வார். அவர்மீது குற்றமில்லை, கேள்வி அப்படி. "உங்கள் கடை இருக்கும் இடத்தில் முன்பு என்ன கடை இருந்தது?", "முதன்முதலில் இங்கே பல்பு மாட்டியது யார்?", "ஊரடங்கு வந்தால் சரக்கை எங்கே வைப்பீர்கள்?", "இந்தத் தராசு எப்போது வாங்கியது?" என்று கேளுங்கள். சின்னக் கேள்விகளுக்குத்தான் பெரிய பதில்கள் வரும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பதிவின் தொடக்கத்தில் தேதியையும் கடையின் பெயரையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு ஐம்பது கோப்புகளில் எது யாருடையது என்று தேடும் அவதி இருக்காது.

கேட்டதை மூன்று கட்டாகப் பிரியுங்கள்: ஆவணம் உள்ளவை, பலர் தனித்தனியாகச் சொன்னவை, ஒருவர் மட்டும் சொன்னவை. மூன்றாவது கட்டில்தான் சுவையான கதைகள் இருக்கும். அவற்றைச் சுவரில் 'வரலாறு' என்று எழுத முடியாது, நினைவு என்று வரையலாம். ஆவணங்களுக்குச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகமும், 1909-இல் தொடங்கப்பட்ட வரலாற்று ஆய்வுச் சங்கமான மிதிக் சொசைட்டியின் நூலகமும் (நிருபதுங்கா சாலை) இருக்கின்றன. பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளுக்கு 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியைப் புரட்டுங்கள். அல்சூருக்குப் பக்கத்துத் தொம்மலூரில், சொக்கநாதர் கோயிலில், தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. அந்த ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயர் இருந்ததை அவை சொல்கின்றன. பெங்களூர்த் தமிழர் என்றாலே வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவர்கள் என்று நினைப்பவர்களை அங்கே ஒருமுறை அழைத்துப்போக வேண்டும். அதே மூச்சில், பெங்களூர் என்ற பெயரைச் சொல்லும் பேகூர் நடுகல் கன்னடத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்டுப் பகுதியின், அதாவது கண்டோன்மெண்டின், காலவரிசையை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பேட்டி எடுப்பது எளிதாகும். 1809-இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே நகர்ந்து கண்டோன்மெண்ட் உருவானது. அதற்குச் சரக்கும் வேலையாட்களும் தர ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டார கச்சேரியை 1860-களில் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஆர்பிஏஎன்எம்ஸ் நிறுவனங்களின் வேர். 1898-இல் பிளேக் வந்தது. நகரத்தில் பிளேக் அம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் படை. அதன் வீரர்களைப் பட்டாளம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கும். முட்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பீடோ' 1912-இல் அவர்களிடம் பிறந்தது. நகரம், தண்டு என்று இரண்டாகக் கிடந்த நகராட்சிகள் 1949-இல்தான் ஒன்றாயின. இந்தத் தாளை வைத்துக்கொண்டு, "அப்போது உங்கள் தாத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

குடும்பப் புகைப்படங்களைக் கடையிலேயே வைத்து நகலெடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். ஒரு படம் தொலைந்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும்.

மூன்றாம் படி: எதை வரையக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

விதான சௌதா வேண்டாம். பரதநாட்டிய முத்திரை வேண்டாம். யட்சகான முகம் வேண்டாம். கோபுரத்துக்கு மேல் உதயசூரியனும் அதற்குக் குறுக்கே பறக்கும் புறாவும் வேண்டவே வேண்டாம். இவை கெட்ட படங்கள் என்பதால் அல்ல. எந்தத் தெருவிலும் ஒட்டும் என்பதால். கோயில் பத்தடி தள்ளி நிஜமாகவே நிற்கும்போது அதைச் சுவரில் வரைவதில் என்ன இருக்கிறது?

தெய்வ உருவங்களைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. சிறுநீர் கழிப்பதைத் தடுக்க மதிலடியில் பிள்ளையார், சிலுவை, பிறைநிலா மூன்றையும் டைல்ஸாகப் பதிப்பது நம் ஊர் வழக்கம். மக்களைத் திருத்த முடியாமல் தெய்வத்தைக் காவலுக்கு நிறுத்துவது அது. உங்கள் ஓவியத்தில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். மழைச்சேறும் வெற்றிலை எச்சிலும் படும் உயரத்தில் யாருடைய தெய்வமும் இருக்கக் கூடாது.

வரைய வேண்டியது கையும் கருவியும் சரக்கும். பூக்காரம்மா பக்கத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பாருங்கள். எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார் ஊறிக்கொண்டிருக்கும். இடது கையில் இரண்டு காம்பு இந்தப் பக்கம், இரண்டு காம்பு அந்தப் பக்கம். வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுக்குள் இழுத்துவிடும், கண் வாடிக்கையாளரின் முகத்தில் இருக்கும். அளக்கும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. பழகியவருக்கு விரல் சற்று நீளும், புதியவருக்குச் சற்று மடங்கும். காகடாவும் கனகாம்பரமும் சேவந்தியும் எந்த மாதம் எந்த விலை என்று அவருக்கு எழுதி வைக்காமலே தெரியும். இந்தக் கைகளைச் சுவரில் ஆறடிக்கு வரைந்தால் அதன் முன் நிற்காமல் யார் போவார்? சித்திரையில் அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்து பூப்பல்லக்குகள் இந்தத் தெருக்களில் நுழையும் இரவையும் இதே போலப் பல்லக்கு சுமப்பவர்களின் தோளிலிருந்தும், விடிய விடியப் பூக்கட்டுபவர்களின் விரலிலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

உயிரோடிருப்பவரை அடையாளம் தெரியும்படி வரைவதானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அரசியல் தலைவர்கள், நடிகர்கள் கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். பின்னால் சொன்னால் யாரையோ எதிர்ப்பதாக ஆகிவிடும்.

நான்காம் படி: சுவரைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் படும் முதல் சுவர் பெரும்பாலும் தவறான சுவர். கருங்கல் மதிலில் பெயிண்ட் அடிக்காதீர்கள். கல்லே இந்த ஊரின் பழைய அழகு, அதைப் பிறகு உரித்தெடுக்க முடியாது. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய கட்டடச் சுவரில் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்தே பெயர்ந்து விழும். அங்கே சுண்ணாம்பும் காவியும்தான் சரி, இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கோயில் மதில் என்றால் பெரும்பாலும் கோயில்களைக் கவனிக்கும் முஜராய் துறையின் பொறுப்பு. ஏரிப் பக்கத்துப் பட்டாள வளாகச் சுவர்கள் ராணுவத்தினுடையவை. அந்தப் பக்கம் அளவு நாடாவைக்கூட எடுத்துப்போக வேண்டாம்.

கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த சிமெண்ட் பூச்சுச் சுவர் நல்லது. மேற்குப் பார்த்தது பிற்பகல் வெயிலில் வெளிறும். சுவரில் பகுதி பகுதியாகக் கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று பொருள். முதலில் அந்த மிதவைக் குழாயை மாற்றச் சொல்லுங்கள்.

ஈரம் பார்க்க எளிய வழி: ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் இறுக ஒட்டி ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. தரையிலிருந்து ஓரடி, மூன்றடி, ஆறடி என மூன்று உயரத்தில் ஒட்டிப் பார்த்தால் ஓதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மூன்றடிவரை ஏறியிருந்தால் ஓவியத்தை நாலடியில் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

தனியார் சுவர் என்றாலும் தெருவிலிருந்து தெரிந்தால் அது பொதுக்கண்ணில் படும் இடம். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் கர்நாடகச் சட்டம் 1981-இலிருந்து இருக்கிறது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் மாநகராட்சியின் அனுமதியும் கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. எனவே உங்கள் தெரு எதில் சேர்ந்தது என்று முதலில் உறுதி செய்துகொண்டு விண்ணப்பியுங்கள். பழைய முகவரியில் கொடுத்த மனு மேசைக்கு மேசை உலாவிக்கொண்டிருக்கும். மின்பெட்டியில் வரைவதானால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம், மெட்ரோத் தூணில் என்றால் மெட்ரோ நிறுவனம், சாரம் சாலையில் நிற்கும் என்றால் போக்குவரத்துக் காவல். விண்ணப்பத்துடன் ஓவியத்தின் வண்ண நகலை இணையுங்கள். இல்லையென்றால் யாரும் கையெழுத்திட மாட்டார்கள், இடாமலிருப்பதும் நியாயம்தான்.

ஓவியரோடு ஒப்பந்தம் எழுதுங்கள். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம், மிஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. படைப்பு சிதைக்கப்பட்டால் கேள்வி கேட்கும் உரிமை, விற்றுவிட்ட பிறகும் கலைஞரிடம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் நான்கைந்து வரி கட்டாயம்: ஓவியம் எத்தனை ஆண்டுக்கு, யார் பராமரிப்பது, கட்டடம் இடிந்தாலோ கைமாறினாலோ ஓவியருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, படத்தைக் காலண்டரிலும் பையிலும் அச்சிடலாமா, பணம் எத்தனை தவணை. வரைவுக்கு ஒன்று, சுவர் பாதியில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று தவணை இருவருக்கும் நிம்மதி.

ஆறாம் படி: பணம்

கடைக்கு ஒரு சிறு தொகை என்று தெருவிலேயே திரட்டுவதை நான் விரும்புவேன். கொடுத்தவர் சுவரைக் காப்பார். பெரிய வேலையானால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும், பாரம்பரியமும் கலையும் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் சின்னத்தை ஓவியத்துக்குள் வைக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 2018-இல் விளம்பரப் பலகைகளுக்கே தடை போட்ட ஊர் இது. சின்னம் ஏறிய மறுகணம் உங்கள் ஓவியம் அதிகாரிகள் கண்ணுக்கு விளம்பரம் ஆகிவிடும். நன்றி சொல்வதைப் பக்கத்துப் பலகையில் சிறிய எழுத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பெயிண்ட் கணக்கு எளிது. வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கைப் பூச்சுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரும். 40 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் 400 சதுர அடி. அடிநிறத்துக்கு மட்டும் ஏழெட்டு லிட்டர், பிரைமர் நான்கு லிட்டர். படத்துக்கான நிறங்களை ஒரு லிட்டர் டப்பாக்களாக வாங்குங்கள். செலவில் பெரும்பகுதி சாரத்துக்கும் ஓவியரின் கூலிக்கும் போகும். 'விளம்பரம் கிடைக்குமே' என்று ஓவியரை இலவசமாக வரையச் சொல்பவர், தன் கடையில் அந்த ஓவியருக்கு அரிசி இலவசமாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: ஓவியரும் வரைவும்

கலைக்கல்லூரி மாணவர்கள் கிடைப்பார்கள், நன்றாகவும் வரைவார்கள். ஆனால் சிவாஜிநகரிலும் அல்சூரிலும் கடைப்பலகை எழுதி வாழ்ந்த ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைப் பறித்தது. கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் நான்கையும் அளவுகோல் இல்லாமல் தூரிகையால் எழுதும் கை அவர்களுடையது. மாணவர் ஒருவரையும் இப்படிப்பட்ட ஓவியர் ஒருவரையும் சேர்த்து வேலைக்கு எடுங்கள். முதல் வாரம் முறைத்துக்கொள்வார்கள், பிறகு சரியாகிவிடும்.

வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். கட்டைவிரல் படங்கள்தான் வரும். பெரிதாக அச்சிட்டு, டீக்கடை வாசலில் ஒரு வாரம் மாட்டிப் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். "தராசுத் தட்டுக்கு மூன்று சங்கிலி, நான்கு இல்லை", "அந்தக் காலத்தில் நாங்கள் இப்படிக் கொண்டை போடவில்லை" என்று தெருவே திருத்தித் தரும். ஓவியரின் பாணியைப் பற்றிய யோசனைகளை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்; உண்மையைத் தெரு சொல்லட்டும், நிறத்தையும் கோட்டையும் ஓவியர் பார்த்துக்கொள்ளட்டும்.

எட்டாம் படி: சுவரைத் தயார் செய்யுங்கள்

பெங்களூரில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரிலும் அக்டோபரிலும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை. வேலைக்கு உகந்தது டிசம்பர் முதல் மார்ச் நடுவரை. டிசம்பரில் காலைப் பனியின் ஈரம் சுவரில் இருக்கும். ஒன்பது மணிக்குமேல் தொடங்குங்கள்.

பழைய பெயிண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டு நாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். செதில் செதிலாக வந்தால் முழுவதும் சுரண்ட வேண்டியதுதான். அதன்மேல் எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்தே விழும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தேய்த்துத் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், அடுத்த மாதம் ஓவியத்துக்கு அடியிலிருந்து பூக்கும். பச்சைப் பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பூசி, ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். புதிதாக சிமெண்ட் பூசிய இடம் 28 நாளாவது ஆற வேண்டும். பச்சைச் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். விரிசல்களை அடைத்து, வெளிச்சுவருக்கான வெள்ளைச் சிமெண்ட் புட்டியை மெல்லியதாக இழுத்து, உப்புத்தாள் தேய்த்து, தூசி தட்டி, பிரைமர் ஒரு கை. வீட்டுக்குள் பூசும் அக்ரிலிக் புட்டியை மலிவு என்று வாங்கினால் முதல் மழையில் கரையும்.

இந்த வேலையைத் தொண்டர்களிடம் விடாதீர்கள். கூலி கொடுத்துத் தொழில் தெரிந்த பெயிண்டரை வையுங்கள். யாரும் படமெடுத்துப் போடாத வேலை இது, அதனால்தான் எல்லா இடத்திலும் அரைகுறையாக நடக்கிறது.

நிறம் வாங்கும்போது: காவி, செங்காவி, மஞ்சட்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலில் நிலைக்கும். பளிச்சென்ற ரோஜா, ஊதா, எலுமிச்சை மஞ்சள் சீக்கிரம் சாயம் போகும். கனகாம்பர நிறம் வேண்டுமென்றால் காவியை அடியாக வைத்து அதன்மேல் ஆரஞ்சு ஏற்றச் சொல்லுங்கள். மேல் நிறம் வெளிறினாலும் பூ மறையாது.

ஷட்டர் கதவுகள் தனிப் பாடம்

சுவர் கிடைக்காத தெருவில் கடைகளின் ஷட்டர்களே பெரிய வாய்ப்பு. கடை மூடிய பிறகு தெரியும் ஓவியம், இரவு நடப்பவர்களுக்கும் அதிகாலைப் பால்காரருக்கும் உரியது. அந்தந்தக் கடையின் கதையை அந்தந்தக் கதவில் வைக்கலாம் என்பது இன்னொரு வசதி.

ஷட்டரை இறக்கி வைத்துத்தான் வரைய முடியும் என்பதால் கடையின் வார விடுமுறை நாளைப் பிடிக்க வேண்டும். மண்ணெண்ணெய் அல்லது டர்பென்டைன் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்து, துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் எனாமல். புதிய துத்தநாகம் பூசிய தகடானால் எனாமல் நேராக ஒட்டாது, உரிந்துவிடும். அதற்கென்று உள்ள எட்ச் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டு இரும்புச் சட்டத்துக்குள் ஓடும் இரண்டு அங்குல விளிம்பில் பெயிண்ட் வேண்டாம். தடித்துப்போய்க் கதவு சிக்கும். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணிநேரத்தில் வந்துவிடும், ஆனால் இரவு முழுக்க விடாமல் மேலே சுருட்டினால் தகட்டோடு தகடு ஒட்டிக்கொண்டு, மறுநாள் இறக்கும்போது படம் பட்டைபட்டையாகக் கிழியும். மெல்லிய கோடுகளும் முகங்களும் ஷட்டரின் நெளிவில் நிற்காது. பெரிய உருவம், தடித்த கோடு, நாலைந்து நிறம், அவ்வளவே.

ஒன்பதாம் படி: வரைவைச் சுவருக்கு மாற்றுதல்

மூன்று வழிகள் உண்டு. வரைவிலும் சுவரிலும் கட்டம் போட்டுக் கட்டத்துக்குக் கட்டம் பெருக்குவது பழைய வழி. நீலப்பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். எழுத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் கோல வடிவத்துக்கும், காகிதத்தில் ஊசியால் கோட்டின்மேல் துளையிட்டுச் சுவரில் வைத்துக் கரித்தூள் மூட்டையால் ஒற்றி எடுப்பது சிறந்தது. புரொஜெக்டர் விரைவானது, ஆனால் இருட்டு வேண்டும். கடைவீதியில் இரவு பத்துக்குப் பிறகுதான் இருட்டே வரும்.

பத்தாம் படி: ஊர் கூடி வரையும் நாள்

வெளிக்கோட்டை ஓவியர் முன்பே போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் நிற எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருக்க வேண்டும். நிறங்களைச் சிறு டப்பாக்களில் ஊற்றி அதே எண்ணை ஒட்டுங்கள். தரையிலிருந்து மூன்றடிவரை குழந்தைகள், அதற்குமேல் கை எட்டும்வரை பெரியவர்கள், சாரத்தில் பழகியவர்கள் மட்டும். மின்கம்பி போகும் பக்கம் இரும்பு ஏணி கூடவே கூடாது. அதிகாலையில் காய்கறி வண்டி வந்து இறக்கும் நேரத்தையும் மாலைக் கூட்டத்தையும் விட்டு, நடுவில் இரண்டிரண்டு மணிநேரமாக ஆட்களைப் பிரியுங்கள். முதல் தூரிகையைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்காதீர்கள். சுவரடியில் கடைபோடும் அம்மாவிடம் கொடுங்கள். வரையும் நாட்களில் அவருக்கு வியாபாரம் நடக்க எதிர்ப்பக்கம் இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் போனபின் ஓவியருக்கு இரண்டு மூன்று நாள் தனியாக வேண்டும். வழிந்ததைத் துடைத்து, கோட்டைத் திருத்தி, கண்ணுக்கு உயிர் கொடுப்பது அப்போதுதான்.

பதினொன்றாம் படி: எழுத்துப் பலகை

கடைப் பெயர்ப்பலகைகளில் 60 சதவீத இடம் கன்னடத்துக்கு என்று சட்டம் இருக்கிறது. ஓவியத்தின் பக்கத்தில் வைக்கும் விளக்கம் கடைப்பலகை அல்ல. ஆனாலும் கன்னடத்தை மேலே, பெரிதாக, முதலில் வையுங்கள். பிறகு தமிழ். தெருவில் உருது வாசிப்பவர் இருந்தால் அதுவும். மொழிக்கு நாற்பது சொல்லுக்குமேல் வேண்டாம், யாரும் நின்று படிக்கமாட்டார்கள். மொழிபெயர்க்காதீர்கள், ஒவ்வொரு மொழியிலும் அந்த மொழிக்காரர் தனியாக எழுதட்டும். எழுத்துப் பிழை பார்க்க ஒரு கன்னட ஆசிரியர், ஒரு தமிழாசிரியர். றகர ரகரப் பிழையோடு ஐந்தாண்டு தெருவில் நிற்பதைவிட ஐந்து நாள் தாமதம் மேல்.

பன்னிரண்டாம் படி: காவலும் பராமரிப்பும்

ஓவியம் நன்றாக உலர்ந்தபின், வெளிப்புறத்துக்கான நிறமற்ற அக்ரிலிக் மேற்பூச்சைக் குறைந்தது ஏழடி உயரம்வரை பூசுங்கள். சுவரொட்டிப் பசையையும் வெற்றிலைக் கறையையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்க அது உதவும். சுவரொட்டி ஒட்டும் பையன்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எந்த அறிவிப்புப் பலகையையும்விட அது பலிக்கும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் கட்சி அலுவலகங்களுக்கும் ஒரு நடை.

முதல் பெருமழைக்கு மறுநாள் சுவரைப் போய்ப் பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் உடனே குத்தி, உலரவிட்டு, அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதும். ஒரு பருவம் விட்டுவைத்தால் முழங்கை அகலத்துக்குப் பரவும். ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் ஓவியர் ஒருநாள் வந்து திருத்த, அந்தக் கூலியை முதல் பட்ஜெட்டிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பெங்களூர் வெயிலில் நல்ல ஓவியம் ஐந்தாறு ஆண்டு நிற்கும். அதன் பிறகு அதையே புதுப்பிப்பதா, அடுத்த தலைமுறையின் கதைகளை வரைவதா என்பதைத் தெரு அப்போது முடிவு செய்துகொள்ளட்டும்.

முடிந்த நாளன்றே நேராக நின்று, நிழல் விழாத வெளிச்சத்தில், பகுதி பகுதியாகப் படமெடுத்துவிடுங்கள். அந்தப் படங்களும் பேட்டிப் பதிவுகளும் ஒரே இடத்தில், இரண்டு பிரதிகளாக இருக்கட்டும். மீந்த பெயிண்டைச் சிறு டப்பாக்களில் விளிம்புவரை ஊற்றி, இறுக மூடி, மூடியில் நிற எண்ணையும் கம்பெனிக் கலவை எண்ணையும் தேதியையும் எழுதி, வெயில் படாத கடை ஒன்றின் பரணில் வையுங்கள். எந்தக் கடையில் இருக்கிறது என்பது குழுவில் மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.